பாப்கார்னுக்குள் இருக்கும் தண்ணீர்

வீட்டில் பொரிக்கும் பாப்கார்ன் தியேட்டரில் கிடைப்பதுபோல வருவதில்லை என்ற குறை எல்லா ஊர்களிலும் உண்டு. அரை மணி நேரத்தில் நமத்துப்போகிறது. மெல்லும்போது சவசவவென்று இருக்கிறது. போட்ட உப்பெல்லாம் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடுகிறது. அரங்கின் கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறும் அந்த வாசனை மட்டும் வீட்டு அடுப்பில் எட்டிப் பார்ப்பதே இல்லை. காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும்: தியேட்டரில் பெரிய மெஷின் இருக்கிறது, தியேட்டரில் வெண்ணெய் ஊற்றுகிறார்கள். இரண்டுமே சரியான காரணங்கள் இல்லை. தியேட்டர் பாப்கார்னின் தரத்தைத் தீர்மானிப்பது முதலில் தண்ணீர், அதற்கடுத்து எண்ணெய், அதற்கும் அடுத்துதான் உப்பு. இந்த மூன்றையும் சரியாகக் கையாள்வதற்கு வடலூர் கடைத்தெருவில் கிடைப்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வடலூரை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடக் காரணம் உண்டு. பெரிய மல்டிபிளக்ஸ் நிறுவனங்களின் அரங்கில் படம் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து கடலூர் தாண்டிப் புதுச்சேரி வரை, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். அங்கே போனாலும் வீட்டுத் தின்பண்டத்தை உள்ளே கொண்டுபோக உரிமை கோர முடியாது. வெளியுணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தையின் உணவை அனுமதிக்க வேண்டும் என்பவை மட்டுமே பார்வையாளருக்கு மிஞ்சின. ஆகவே வீட்டு டி.வி.யின் முன்னால்தான் நம் பாப்கார்னுக்கு இடம். அங்கேயாவது அது நன்றாக இருக்கட்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பாப்கார்ன் மணி ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குக்கர். வெளியே கெட்டியான தோல், உள்ளே இறுகிய மாவுச்சத்து, அந்த மாவுச்சத்துக்குள் எடையில் சுமார் 14 சதவீதம் ஈரம். சூடேறும்போது அந்த ஈரம் நீராவியாக மாறத் துடிக்கிறது, தோல் விடுவதில்லை. நம் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தத்தைப்போலச் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தம் அந்தச் சின்ன மணிக்குள் சேர்கிறது. மாவுச்சத்து குழைந்து கூழாகிறது. தோல் கிழிந்த நொடியில் நீராவி சீறி வெளியேற, கூழ் நுரைத்துப் பொங்கி, ஆறி இறுகி, வெள்ளைப் பூவாக நிற்கிறது. இது எந்தச் சூட்டில் நடக்கிறது என்பதைப் பிரான்சின் எகோல் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2015-இல் அளந்து வெளியிட்டார்கள். 170 டிகிரி செல்சியஸில் மூன்றில் ஒரு பங்கு மணிகள்தான் பொரிந்தன. 180 டிகிரியில் 96 சதவீதம் பொரிந்துவிட்டன. பத்தே டிகிரியில் இவ்வளவு வித்தியாசம். சட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் மந்தமாகவும் இருந்தால் பாதி மணிகள் கருகும், மீதி பொரியாமல் கிடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. மணி பொரியாமல் கிடப்பதற்குத் தோலும் ஒரு காரணம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டியதுபோல, தோல் ஈரத்தைக் கசியவிடும் ரகமாக இருந்தால் அழுத்தம் சேராது, மணி காய்ந்துபோய் அப்படியே கிடக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். வேப்பூர், விருத்தாசலம் பக்கமெல்லாம் மக்காச்சோளக் காடாக இருக்கிறதே, அதையே பொரித்தால் என்ன? பொரியாது. அங்கே விளைவது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகும் வீரிய ரகங்கள். மணி பெரிது, ஆனால் உள்ளே மிருதுவான மாவு அதிகம், அழுத்தம் தாங்கும் கெட்டித்தன்மை குறைவு. சூடுபட்டால் தோல் வெடித்து வறுபடுமே தவிர மலராது. பாப்கார்னுக்கென்றே ஒரு தனி வகை மக்காச்சோளம் இருக்கிறது. மளிகைக் கடையில் ‘பாப்கார்ன் சோளம்’ என்று கேட்டால் தருகிற, சிறிய, கண்ணாடிபோல மினுங்குகிற மணி அதுதான்.

வாங்கிய மணியைப் பத்திரப்படுத்துவதிலேயே பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்துவிடுவது நம் வழக்கம். சித்திரை, வைகாசி வெயிலில், அதுவும் அடுப்பின் சூட்டில், மணியிலிருக்கும் ஈரம் மெல்ல மெல்லப் போய்விடுகிறது. 14 சதவீதம் என்பது இரண்டு மூன்று சதவீதம் இறங்கினாலே பூ சிறுத்துவிடும், பொரியாத மணிகள் கூடிவிடும். கடைக்காரர் பழைய சரக்கைத் தந்துவிட்டார் என்று அவர்மேல் பழி விழும். இதற்குப் பரிகாரம் மிக எளிது. காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் மணிகளைக் கொட்டி, கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடி நன்றாகக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, பிறகு ஒரு கைப்பிடி பொரித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் பழைய மணி உயிர்பெற்றுவிடும். இன்னும் சரியாகப் பொரியவில்லையென்றால் இன்னொரு அரை டீஸ்பூன். நிறைய விட்டுவிட்டால் பூஞ்சை பிடிக்கும், பூவும் இறுகிவிடும். கை நிதானம் வேண்டிய இடம் இது.

பொரிவதற்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டிய தண்ணீர், பொரிந்த பின்னால் வெளியே போயாக வேண்டும். தியேட்டருக்கும் வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நூறு கிராம் மணியில் 14 கிராம் தண்ணீர் என்று வைத்தால், அதில் பெரும்பகுதி நீராவியாகிச் சட்டிக்குள் நிறைகிறது. நம் வீடுகளில் பாப்கார்ன் பெரும்பாலும் பொரிவது குக்கரில். வெயிட்டையும் காஸ்கெட்டையும் எடுத்துவிட்டு மூடினாலும், இறுக்கமான பாத்திரத்துக்குள் பூத்த பொரி அந்த நீராவியிலேயே வெந்துகொண்டிருக்கிறது. சத்தம் நின்ற பிறகும் ‘சூடாக இருக்கட்டும்’ என்று இன்னும் ஐந்து நிமிடம் மூடி வைப்பவர்கள் உண்டு. சவசவப்பு வந்தது அங்கேதான். தைப்பூசத்தின்போது வடலூர் ஞானசபைத் திடலைச் சுற்றி நிற்கும் கடைகளிலோ, வேறு திருவிழாக்களிலோ கண்ணாடிப் பெட்டி வைத்த பாப்கார்ன் வண்டியைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். சட்டி பெட்டிக்குள் உயரத்தில் தொங்கும். அதன் மூடி இரண்டு பாதியாகப் பிளந்து, கீல்போட்டு, லேசாகக் கிடக்கும். உள்ளே பொரி பெருகப் பெருக அதுவே மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வழியும், நீராவியும் கூடவே போய்விடும். கீழே விழுந்த பொரி துளை போட்ட தட்டின்மேல் பரந்து கிடக்கும். பொரியாத மணிகள் துளை வழியே அடித்தட்டில் விழுந்துவிடும். சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் கிரேட்டர்ஸ் 1885-இல் தொடங்கிய தொழிலிலிருந்து வளர்ந்த வடிவம் இது. 1893-இல் அந்த ஊரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய வண்டி பெரும் கூட்டத்தை ஈர்த்தது. பெரிய அரங்குகளில் இதற்கும் மேலே ஒரு படி போய், பொரித்ததை உலர்ந்த வெங்காற்று ஓடும் பெட்டியில் வைத்திருந்து விற்கிறார்கள். மெஷினின் மகிமை என்று நாம் நினைப்பதெல்லாம் நீராவிக்கு வழிவிடும் இந்த ஏற்பாடுதான். அடிகனமான ஒரு சட்டியும், சற்றே விலக்கி வைத்த மூடியும், பொரிந்ததும் கொட்டிப் பரப்ப ஓர் அகலமான தாம்பாளமும் இருந்தால் அதே வேலை வீட்டில் நடந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கடல் பக்கத்து ஈரக்காற்றில், பரப்பிவைத்த பொரியும் சீக்கிரம் நமத்துவிடும் என்பது உண்மை. அந்த மாதங்களில் கொஞ்சமாகப் பொரித்து உடனே தின்பதுதான் வழி. மிஞ்சியதை ஆறியதும் டப்பாவில் இறுக மூடிவிட வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தியேட்டர் வாசனை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது. மணி சூடுபடும்போது உண்டாகும் ஒரு நறுமணப் பொருள் மறுபாதி. பாஸ்மதி அரிசியின் மணமும் அதே பொருளால் வருவதுதான், அதை எந்தச் சட்டியும் தரும். வீட்டில் கிடைக்காமல் போவது தேங்காய் எண்ணெயின் வாசம். அமெரிக்கத் திரையரங்குகளில் நெடுங்காலமாகப் பாப்கார்ன் பொரிந்தது சுத்திகரித்த தேங்காய் எண்ணெயில்தான். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். நமக்குச் சமையல் என்றால் கடலை எண்ணெய். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை ரகங்களையே வெளியிட்ட மண் இது. தேங்காய் எண்ணெயின் இடம் அடுப்படியில் இல்லை, கண்ணாடிக்கும் சீப்புக்கும் பக்கத்தில். நாகர்கோவிலில் அதே எண்ணெயில் தாளிப்பதும் பொரிப்பதும் அன்றாடம் நடக்கிறது என்று சொன்னாலும் ‘தலைக்குத் தேய்ப்பதைத் தின்பதா’ என்ற தயக்கம் போகாது. இந்தத் தயக்கம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. சிறிய பாட்டில்களில் விற்கும் தூய தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெய் என்று எடுத்துக்கொள்வதா, தலைமுடி எண்ணெய் என்று வரி போடுவதா என்று சேலம் மத்திய கலால் ஆணையர் தொடர்ந்த மேல்முறையீடு பல ஆண்டுகள் நடந்தது. தலைக்கான எண்ணெய் என்று பாட்டிலில் குறிப்பிட்டு விற்காதவரை அதைச் சமையல் எண்ணெயாகவே கொள்ளலாம் என்று 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆக, உணவுக்கானது என்று அச்சிட்ட பாட்டிலை எடுத்தால் போதும். வாசனை சேர்த்த கூந்தல் தைலத்தை மட்டும் அடுப்புப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

செக்கு எண்ணெய்தானே நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். மற்றச் சமையலுக்கு அது எப்படியோ, இந்த வேலைக்குச் சுத்திகரித்ததே ஏற்றது. மரச்செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பித்துவிடும். மணி பொரிய 180 டிகிரி வேண்டும். சோளம் பூக்கும் முன்பே எண்ணெய் புகைந்து காந்தல் வாடை ஏறும். சுத்திகரித்த எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். அதன் தேங்காய் வாசம் மெல்லியது, சோள வாசத்தை அமுக்காது. சுத்திகரித்த கடலை எண்ணெயில் பொரித்தால் கெட்டுப்போகாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும், பொரியும் ருசியாகவே இருக்கும். ஆனால் அது திருவிழாப் பொரியின் ருசி. தியேட்டர் ருசி வேண்டுமென்றால் எண்ணெயை மாற்றித்தான் ஆக வேண்டும்.

உப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல் உப்பும் சாதாரணத் தூள் உப்பும் பொரியில் ஒட்டாமல் உதிர்ந்துவிடுகின்றன, பரல் பெரிது. ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் இரண்டு சுற்றுச் சுற்றி மாவுபோல ஆக்கிக்கொண்டால் பாதி உப்பிலேயே இரு மடங்கு ருசி தெரியும். தியேட்டர்களில் அந்த நைசான உப்பை மஞ்சள் நிறமும் வெண்ணெய் வாசனையும் சேர்த்து எண்ணெயோடு சட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள், அதனால் ஒவ்வொரு பூவிலும் அது படிகிறது. நாமும் மேலே தூவாமல் எண்ணெயில் போட வேண்டும். நிறத்துக்குச் சிட்டிகையில் பாதி மஞ்சள் தூள் போதும், கூடினால் குழம்பு வாடை வந்துவிடும். சென்னை சத்யம் தியேட்டரின் பாப்கார்னுக்கு அவ்வளவு பெயர் வந்ததில், பார்வையாளர் தாமே தூவிக்கொள்ளும் பல சுவைப் பொடிகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பொடிகள் ஒட்டி நின்றதற்கும் நைசாக இருந்ததே காரணம். நம் வீட்டு இட்லிப் பொடியையோ மிளகுத் தூளையோ அதே நைசில் அரைத்துச் சூடாக இருக்கும்போது தூவிப் பாருங்கள்.

வெண்ணெய்க்கு வருவோம். பலரும் செய்யும் தவறு, பொரித்த பாப்கார்னில் வெண்ணெயை உருக்கி ஊற்றுவது. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீரை நாமே கரண்டியால் திரும்ப ஊற்றுகிறோம், பூ சுருங்கி நனைந்துபோகிறது. அமெரிக்க அரங்குகளில் ‘பட்டர்’ என்று பீய்ச்சுவது பெரும்பாலும் வாசனை சேர்த்த தாவர எண்ணெய், தண்ணீரே இல்லாதது. நமக்கு அந்தச் செயற்கை வாசனை தேவையில்லை, ஏனென்றால் நெய் இருக்கிறது. வெண்ணெயைக் காய்ச்சித் தண்ணீரை விரட்டிய பிறகு நிற்பதுதான் நெய். பொரியில் ஊற்றினால் நமக்காது, மணம் வெண்ணெயைவிட ஒரு படி மேல். செயற்கை வெண்ணெய் வாசனையில் வருத்தப்பட வேண்டிய ஒரு பக்கமும் உண்டு. அதற்குப் பயன்பட்ட டையசிட்டைல் என்ற ரசாயனத்தின் ஆவியை நாள்தோறும் சுவாசித்து, அமெரிக்காவின் மிசௌரி மாநில மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை செய்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டது 2000-ஆம் ஆண்டில் வெளியே தெரிந்தது. எப்போதாவது தின்பவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆனாலும் ஒரு வாசனைக்காக உழைப்பவரின் மூச்சு போனது சின்ன விஷயமில்லை.

இனிச் செய்முறை. நான்கைந்து லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரத்தில் இரண்டு டேபிள்ஸ்பூன் சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் விட்டு, நடுத்தரத் தீயில் வைத்து, மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் பொரிந்தால் எண்ணெய் பதமாகிவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு, நூறு கிராம், அதாவது அரை கப் மணியும், அரை டீஸ்பூன் நைசான உப்பும், மஞ்சளும் போட்டுக் கிளறி, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வையுங்கள். இந்த அரை நிமிடத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. மணிகள் எல்லாம் ஒரே சூட்டுக்கு வருவதற்கான நேரம் அது, பிறகு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரியும். மறுபடி அடுப்பில் ஏற்றி, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கம் விரல்கடை அளவு விலக்கி வைத்து, துணியால் பிடித்து அவ்வப்போது குலுக்குங்கள். வெடிச்சத்தம் படபடவென்று உச்சத்துக்குப் போய் இறங்கும். ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு விநாடி இடைவெளி வந்ததும் அடுப்பை அணைத்து உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். இன்னும் நாலு மணி பொரியட்டும் என்று காத்திருந்தால் பூத்த நானூறு கருகும். நெய் வேண்டுமென்றால் இப்போது ஒரு ஸ்பூன், சூடாக, பரவலாக.

இந்தப் பக்குவத்துக்கு வரக்கூடிய வலுவான எதிர்ப்பு உடல்நலம் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருங்கியது நிறைவுற்ற கொழுப்பு. அமெரிக்காவில் பொதுநல அறிவியல் மையம் என்ற நுகர்வோர் அமைப்பு 1994-இல் தியேட்டர் பாப்கார்னைச் சோதித்து, நடுத்தர அளவுப் பை ஒன்றில் 37 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்று அறிவித்தபோது நாடே அதிர்ந்தது, பல அரங்குகள் எண்ணெயை மாற்றின. ஆனால் அந்தப் பை ஒருவர் கையில் இருந்தது. மேலே சொன்ன இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயிலும் சுமார் 24 கிராம் இருக்கத்தான் செய்கிறது. நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஆறு கிராம். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு ஏறக்குறைய 22 கிராம், அதில் கால் பங்குக்குச் சற்று மேல். உப்பும் தலைக்கு ஒரு கிராமுக்குக் குறைவு. வாரம் ஒரு முறை, நான்கு பேராக, என்றால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் ஒருவரே ஒரு சட்டி என்றால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. இதயநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கடலை எண்ணெயைப் பாதியளவு விட்டு, தியேட்டர் ருசியை விட்டுக்கொடுப்பதே நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சோளம் முழுதானியம், நார்ச்சத்து மிக்கது. கெடுதல் வருவது மேலே நாம் சேர்ப்பதால்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, பாக்கெட்டிலேயே கிடைக்கிறதே என்ற கேள்விக்குப் பதில் சட்டியிலேயே இருக்கிறது. நூறு கிராம் மணி மூன்று நான்கு லிட்டர் பொரியாகிறது. மொத்த வேலையும் பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. எண்ணெய் எது, உப்பு எவ்வளவு என்பது நம் கையில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்த் தீர்ப்பு வந்து மூன்றே நாளில், 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உப்பு மசாலா போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்தால் 12, சர்க்கரைப் பாகு ஏற்றினால் 18 என்று அன்றைய வரி விகிதங்களை விளக்கியதும் நாடெங்கும் விவாதம் நடந்தது. வீட்டுச் சட்டியில் பொரிவதற்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை.

கடைசியாக, குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்காதீர்கள். பொரியும், பொரியாத மணியும், தோல் துணுக்கும் அவர்களின் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பெரியவர்களும் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் பொரியாத மணிகளைக் கடித்துப் பார்க்க வேண்டாம், பல் உடையும். தாம்பாளத்தில் பரப்பும்போதே அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.